கலப்புப் பயிரும் நிலத்தின் தழைச்சத்து நஷ்டமும்

கூட்டுறவுச் சங்கத்தில் நம் அங்கத்தினர்கள் எழுதி வாங்கும் பயிர்க்கடனில் ஒரு பகுதி உரமாகவே வழங்கப்படுகிறது. அவ்வுரங்களில் குடியானவர் முதலில் கேட்பது யூரியா. 45 கிலோ கொண்ட ஒரு மூட்டை யூரியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறத்தாழ 20¾ கிலோ அடங்கியிருக்கிறது. இதனைக் கடன் பேரில் வாங்கி நிலத்தில் இட்டு, பயிர் அதனை உண்ணுமுன் மழை நீருக்கும் காற்றுக்கும் பறிகொடுத்தால், சத்துப் போகுமேயன்றிக் கடன் போவதில்லை. தவணை தவறினால் வட்டியும் சேரும். ஆகையால் நிலத்திலிருந்து தழைச்சத்து எவ்வழிகளில் வெளியேறுகிறது, கலப்புப் பயிர் அதனை எவ்வளவு தூரம் தடுக்கும், எவ்விடத்தில் தடுக்க மாட்டாது என்னும் விஷயங்களை, நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலையும் செவலையும் மனத்திற்கொண்டு இங்கே ஆராய்வோம்.

கலப்பு விதைப்பு நமக்குப் புதிதன்று. சோளத்தோடு தட்டப்பயறு, கம்போடு துவரை, பருத்தியோடு உளுந்து என்று ஒரே புஞ்சையில் இரண்டும் மூன்றுமாக விதைப்பது இவ்வறண்ட சீமையின் பழைய வழக்கம். இங்கிலாந்திலிருந்து 1889-ஆம் ஆண்டு இந்திய விவசாயத்தைப் பார்வையிட வந்த வோல்க்கர் என்னும் ரசாயன நிபுணர், 1893-இல் வெளியான தமது அறிக்கையில், பயிர் மாற்றம், கலப்புப் பயிர், தரிசு விடுதல் ஆகியவற்றைப் பற்றி இந்நாட்டுக் குடியானவர் அறிந்திருப்பது எவ்வளவு என்று வியந்து எழுதினார். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதற்காகவே பெரும்பாலோர் இவ்விதம் விதைத்து வந்தனர். அந்தக் காரணம் இன்றும் செல்லும். ஆனால் மண்ணின் சத்தைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்பதைப் பலர் கவனித்ததில்லை. மக்காச்சோளம் பரவி, அறுவடை இயந்திரமும் களைக்கொல்லி மருந்தும் வந்தபின், ஒரே பயிராக விதைப்பது சௌகரியமாகி, கலப்பு விதைப்புச் சுருங்கி வருகிறது. சௌகரியத்தைக் குறை சொல்வதற்கில்லை. அதற்குக் கொடுக்கும் விலை இன்னதென்று தெரிந்துகொண்டு கொடுக்கவேண்டும் என்பதே நம் கருத்து.

மழை வந்தும் வேர் இல்லாத நாட்கள்

மண்ணிலுள்ள தழைச்சத்தில் மிகப் பெரும் பகுதி மக்கிய பொருள்களில் கட்டுண்டு கிடக்கிறது. அவ்வண்ணம் கிடக்கும் வரையில் அது பயிருக்கும் உதவாது, எளிதில் ஓடியும் போகாது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாக உடைத்து, முடிவில் நைட்ரேட் என்னும் உப்பாக மாற்றுகின்றன. ஊர்க் குப்பைமேட்டு மண்ணிலிருந்து முற்காலத்தில் காய்ச்சி எடுத்த வெடியுப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. இந்த உப்பு நீரில் முற்றும் கரைவது. களிமண் இதனைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நீர் போகும் இடத்திற்கு இதுவும் போகும்.

இனி நம் சீமையின் பருவத்தைப் பார்ப்போம். மாசி முதல் ஆவணி வரை நிலம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கிறது. கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. அக்காலத்தில் நுண்ணுயிர்களில் பல மடிந்து, மக்குப் பொருளும் உலர்ந்து நொறுங்கிப்போகிறது. புரட்டாசியிலோ ஐப்பசியிலோ முதல் நல்ல மழை விழுந்ததும், எஞ்சிய உயிர்கள் பெருகி, காய்ந்த பொருளனைத்தையும் வேகமாகச் சிதைத்து, சில நாட்களில் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஏராளமான நைட்ரேட்டை உண்டாக்குகின்றன. காய்ந்து நனைந்த மண்ணில் இவ்வாறு சத்துத் திடீரெனப் பொங்குவதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த பர்ச் என்பவர் 1958-இல் விரிவாக எழுதினார். முதல் மழைக்குப் பின் விதைத்த பயிர் கரும்பச்சையாகக் கிளம்புவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

வருஷத்தில் நிலம் இலவசமாகக் கொடுக்கும் பெரிய உரம் இந்தப் பொங்கலே. அது வெளிப்படும் நாளில் நிலத்தில் வேர் இருக்கிறதா என்பதே கேள்வி. மழை கண்ட பிறகு உழுது, பின்னர் விதை தேடி, ஐப்பசிக் கடைசியில் விதைப்பவருடைய பயிர் நாலு இலை விடுவதற்குள் கார்த்திகை அடைமழை வந்துவிடுகிறது. செவலில் நைட்ரேட் வேருக்கெட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும். கரிசலில் வெடிப்புகளின் வழியே இறங்கும். நீர் தேங்கினால் வாயுவாக மாறி ஆகாயத்திற்குப் போகும். எருவே இடாத வெற்று நிலமும் இவ்வாறு சத்தை இழக்கிறது என்பதை இங்கிலாந்திலுள்ள ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1870-ஆம் ஆண்டு அமைத்த வடிநீர்த் தொட்டிகள் காட்டின. உரமும் இடாமல் பயிரும் வைக்காமல் விட்ட அம்மண்ணிலிருந்து வடிந்த நீரில் ஆண்டுதோறும் நைட்ரேட் வெளியேறிக்கொண்டே இருந்தது. வடிவதற்கு முன் அதனைக் குடிக்க ஒரு வேரும் அங்கே இல்லை.

கலப்புப் பயிர் செய்யும் வேலை

சோளமும் தட்டப்பயறும் கலந்து விதைத்த புஞ்சையில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, நிலம் விரைவில் மூடப்படுகிறது. சோளத்தின் இடைவெளியைத் தட்டப்பயறு படர்ந்து மறைப்பதால் மழைத்துளி நேராக மண்ணை அடிப்பதில்லை. ஓடும் நீரின் வேகமும் குறைகிறது. மேல்மண்ணில் நூற்றுக்கு 0.05 பங்கு தழைச்சத்து உண்டென்று வைத்துக்கொண்டால், ஒரு டன் மண் ஓடிப்போகும்போது அரைக் கிலோ தழைச்சத்தும் உடன் போகிறது. உண்மையில் இதற்கு மேலேயே போகும்; ஏனெனில் நீர் முதலில் அரித்துச் செல்வது மக்கு மிகுந்த நுண்ணிய மண்ணையே.

ஐதராபாத்திற்கு அருகில் பட்டான்செருவிலுள்ள சர்வதேச வறண்ட பிரதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1976 முதல் கரிசல் நிலத்தில் இரண்டு முறைகளைப் பக்கம் பக்கமாக நடத்திப் பார்த்தது. மழைக்காலத்தில் வெறுமனே விட்டுப் பின்பு விதைக்கும் பழைய முறையில், ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 6.4 டன் மண் அரித்துச் சென்றது. அகன்ற பாத்தியும் வடிகாலும் அமைத்து, உரமிட்டு, மழைக்காலத்திலேயே சோளமும் துவரையும் போன்ற பயிர்களை வைத்த முறையில் 1.5 டன் மட்டுமே சென்றது. பாத்தியும் உரமும் சேர்ந்த பலன் இதுவாகையால், முழுவதையும் கலப்புப் பயிரின் கணக்கில் எழுதலாகாது. மழையில் நிலம் மூடியிருப்பதன் மதிப்பு எவ்வளவென்பதற்கு மட்டும் இது சாட்சி.

இரண்டாவது, வேர்கள் வெவ்வேறு ஆழத்தில் உண்கின்றன. உளுந்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவும். துவரையும் பருத்தியும், மண் ஆழமுள்ள இடத்தில், 4, 5 அடிக்குக் கீழும் இறங்கும். மேலே தப்பிய நைட்ரேட்டைக் கீழே இவை பிடித்துக்கொள்கின்றன. காலமும் இவ்விதமே. உளுந்து 65, 70 நாட்களில் வீட்டிற்கு வந்துவிடும். சோளம் தையில் அறுவடையாகும். துவரை மாசி பங்குனி வரை நிற்கும். ஒரே பயிராக விதைத்தால் அறுவடைக்குப் பின் உண்டாகும் நைட்ரேட்டுக்குக் கேட்பாரில்லை. ஆழம் குறைந்து அடியில் சுக்கான் தட்டும் செவலில் இந்த இரண்டாவது நன்மை குறைவே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் பலரும் பேசுவது. பயறு வர்க்கச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல் என்பவர் 1886-இல் இதனை வெளியிட்டார். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும், சோளமோ கம்போ அதை நேராகத் தொட முடியாது. கலந்து விதைக்கும்போது, சோளம் வேகமாக வளர்ந்து மண்ணிலுள்ள நைட்ரேட்டை முந்தி உறிஞ்சிக்கொள்ள, பக்கத்திலிருக்கும் பயறு வேறு வழியின்றித் தன் தேவைக்கு ஆகாயத்தையே அதிகமாக நாடுகிறது. தனியாக விதைத்த பயறு மண்ணிலும் தாராளமாகத் தின்னும். ஆகவே அறுவடைக்குப் பின் மண்ணில் ஓடிப்போகக் காத்திருக்கும் நைட்ரேட், தனிப் பயறு நின்ற நிலத்தைக் காட்டிலும் கலப்பு நிலத்தில் குறைவாகவே இருக்கும்.

சீன தேசத்தில் கான்சு மாகாணத்தில் 7 ஆண்டுகள் நடத்தி 2015-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், பட்டைப் பட்டையாகக் கலந்து பயிரிட்ட நிலத்தின் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணில், தனித்தனியே பயிரிட்டதைவிட நூற்றுக்கு 11 பங்கு தழைச்சத்து மிகுந்திருந்தது. அது பாசன வசதியுள்ள இடம். மழையை மட்டும் நம்பும் நரிக்குடிப் பக்கத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமன்று. போகும் திசை அதுவே.

பயறு விதைத்தால் நிலம் தானே கொழுக்குமா?

கொழுக்காது. பயறு தன் வேரிலிருந்து பக்கத்துச் சோளத்திற்குச் சத்தை ஊட்டுகிறதென்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரே பருவத்தில் அவ்வாறு போகும் அளவு மிகச் சொற்பம். பயறு சோளத்திற்குச் செய்யும் உதவி பெரும்பாலும், பந்தியில் பங்குக்கு வராமலிருப்பதே. மிச்சம், உதிர்ந்த இலையும் வேரும் மக்கி அடுத்த வருஷத்துப் பயிருக்குக் கிடைப்பது.

ஏக்கரா ஒன்றுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தானியத்திலுள்ள புரதத்தில் ஆறேகாலில் ஒரு பங்கு நைட்ரஜன். அதன்படி 100 கிலோ சோளத்தில் சுமார் 1.6 கிலோவும், 100 கிலோ தட்டப்பயற்றில் சுமார் 3.8 கிலோவும், 100 கிலோ சோளத்தட்டையில் சுமார் அரைக் கிலோவும் இருக்கும். தனிச் சோளம் 500 கிலோ விளைந்து 1,500 கிலோ தட்டை கிடைத்தால், நிலத்தைவிட்டுப் போவது 8-ம் 7.5-ம் ஆக 15.5 கிலோ. அத்தனையும் மண்ணின் சொத்து. முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சமம். கலப்பில் சோளம் 400 கிலோ, தட்டை 1,200 கிலோ, தட்டப்பயறு 100 கிலோ, அதன் கொடி 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சோளமும் தட்டையும் 12.4 கிலோ, பயறு 3.8 கிலோ, கொடி சுமார் 2.5 கிலோ, மொத்தம் 18.7 கிலோ. பயறும் கொடியும் கொண்ட 6.3 கிலோவில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 3.5 கிலோ, ஆகாயத்திலிருந்து வந்ததென்றால், மண்ணிலிருந்து போனது 15.2 கிலோ.

இரண்டு கணக்கிற்கும் வித்தியாசம் இல்லையே என்று அங்கத்தினர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நிலம் 100 கிலோ தட்டப்பயற்றைக் கூடுதலாகக் கொடுத்தது போலத் தோன்றினாலும், 100 கிலோ சோளத்தை விட்டுக்கொடுத்து அவ்விலையேறின பயற்றைப் பெற்றிருக்கிறோம். மண்ணுக்கு அதிகச் செலவு வைக்கவில்லை. கொடியைச் செடியோடு வேரறப் பிடுங்கிக் களத்திற்குக் கொண்டுபோகாமல், அரிவாளால் அறுத்துக் காயை மட்டும் எடுத்துக் கொடியை நிலத்திலேயே விட்டால் மண்ணின் செலவு 12.7 கிலோவாகக் குறையும். அல்லது மாட்டிற்குப் போட்டு அதன் சாணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால், முழுவதும் இல்லாவிடினும், ஒரு பகுதியாவது திரும்பும். லாபம் நிற்பது இந்தக் கடைசிச் செய்கையில்தான். பிடுங்கி, கொடியை விற்று, சாணத்தை வறட்டி தட்டி எரிக்கும் வீட்டில், பயறு விதைத்த நிலமும் மெலியும்.

சோளத்தாளும் பயற்றுக் கொடியும் கலந்து நிலத்தில் கிடப்பதில் இன்னுமொரு நயம் உண்டு. பயற்றுக் கொடி மாத்திரம் மக்கினால் சீக்கிரம் நைட்ரேட்டாகி, மழை வந்தால் ஓடிவிடும். சோளத்தாள் மாத்திரம் புதைந்தால், அதை மக்கச் செய்யும் உயிர்கள் மண்ணிலுள்ள சத்தையும் இழுத்துக்கொண்டு பயிரைச் சிறிது காலம் வெளிற வைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் அவசரத்தை மற்றொன்று தணித்து, சத்து நிதானமாக வெளிப்படுகிறது.

கலப்புப் பயிர் தடுக்காத நஷ்டங்கள்

நம் கரிசல் மண் சுண்ணாம்புச் சார்புடையது. ஈரமான மேற்பரப்பில் யூரியாவைத் தூவி மூடாமல் விட்டால், அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். எத்தனை பயிர் கலந்து நின்றாலும் இது நிற்காது. 2015 முதல் நம் நாட்டில் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அப்பூச்சு நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துமேயன்றி, மேலே கிடக்கும் யூரியா ஆவியாவதைத் தடுப்பதற்கன்று. மண்ணுக்குள் 2 அங்குல ஆழத்தில் சாலில் இட்டு மூடுவதே வழி. அதுவும் சோள வரிசையில் மட்டும் இடவேண்டும். பயற்று வரிசையில் யூரியா விழுந்தால் வேர் முடிச்சுகள் சோம்பிவிடும். ஆகாயத்திலிருந்து சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து நிறுத்தியதாக முடியும்.

கார்த்திகையில் நீர் தேங்கும் பள்ளக் கரிசலிலும் கலப்பு உதவாது. அங்கே பயறு அழுகும். தழைச்சத்தும் வாயுவாகப் போகும். வடிகால் சால் இழுத்தபின்பே கலப்பைப் பற்றி யோசிக்கலாம்.

அரித்துப்போன மண் எங்கே போயிற்று என்பதும் நமக்குத் தெரிந்ததே. நம் புஞ்சைகளின் கொழுப்பு கம்மாய்களில் கரம்பையாகப் படிந்து கிடக்கிறது. கோடையில் வண்டி வண்டியாகக் கரம்பை அடித்து நிலத்தில் பரப்பிய பெரியவர்கள் இழந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தாசில்தாரிடம் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள 2024-இல் அரசு விதிகளை எளிதாக்கியது. செவல் நிலத்திற்கு இது இரட்டிப்பு நன்மை. மழை ஈரமும் அதிகம் தங்கும்.

விதைப்பும் சங்கமும்

இவ்வளவும் சொன்னதன் பின், நடைமுறையில் முதலாவது வேண்டியது புழுதி விதைப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே, ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும், காய்ந்த மண்ணில் சற்று ஆழமாக விதைத்துவிட்டால், முதல் நல்ல மழையோடு வேரும் கிளம்பும். மேலே சொன்ன பொங்கலின் பெரும் பகுதி பயிருக்குக் கிடைக்கும். 1901-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் கரிசல் மானாவாரிக்குப் பரிந்துரைப்பதும் இம்முறையே. சோளம் இரண்டு வரிசைக்குத் தட்டப்பயறு ஒரு வரிசை, பருத்தி ஜோடி வரிசைகளுக்கிடையே உளுந்து ஆகியவை நம் நிலத்திற்குப் பொருந்தும். விதைகளை ஒன்றாகக் கலந்து வீசுவதைவிட வரிசையாக விதைப்பது நலம். உரத்தைச் சோளத்திற்கு மட்டும் இடவும், பயற்றைத் தனியே அறுக்கவும் அப்போதுதான் இயலும். பயற்று விதையை ஆறின கஞ்சியில் ரைசோபியம் கலந்து பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். வெயிலில் உலர்த்தினால் உயிர்கள் சாகும்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பயிர்க்கடன் அளவு பயிர்வாரியாக நிர்ணயிக்கப்படுகிறபடியால், கலந்து விதைப்பவர் எப்பயிரின் பேரில் கடன் எழுதுவது என்பதை விதைக்கு முன்பே காரியதரிசியிடம் தெளிவு செய்துகொள்ளவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் விதைத்த பயிர்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். 2016-இல் வந்த பயிர் இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தில் பணம் கட்டியவர்க்கு இது முக்கியம். கடனில் மூன்று மூட்டை யூரியா எழுதும் அங்கத்தினர், இரண்டு மூட்டையும் ஏக்கராவுக்கு வேண்டிய பயற்று விதையும் ரைசோபியமும் கேட்டால், கொடுக்கச் சங்கத்தில் இருப்பு வேண்டும். புரட்டாசியில் கேட்டால் நல்ல பயற்று விதை கிடைப்பதரிது. எத்தனை ஏக்கராவுக்கு எவ்வளவு விதை என்னும் தேவைக் கணக்கை ஆனி மாதக் கூட்டத்திலேயே எடுத்து, விவசாய இலாகா விதைக் கிடங்கிற்கு எழுதிவிட வேண்டும். அக்கணக்கோடு ஒவ்வொரு அங்கத்தினரும் தம் நிலத்து மண் பரிசோதனை அட்டையையும் கொண்டுவரலாம். தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் குறைவாகக் காட்டும் நிலங்களுக்கு முதலில் விதையை ஒதுக்குவது நியாயமாயிருக்கும்.